ஆல்ப்ஸில் சம்பந்தி உபசாரம்

வீட்டையே சக்கரத்தில் ஏற்றி ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். மலை எப்படி இருந்தது என்று கப்பலூரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உயரமாக இருந்தது என்று சொல்லி வைக்கிறேன். மலைக்கு மலை, ஏரிக்கு ஏரி நான் உண்மையில் பார்த்தது ஒன்றைத்தான். என் நண்பன் செல்வராஜ் தன் வருங்காலச் சம்பந்தியிடம் ஒரு கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பதையும், கேட்காமல் மூடிக்கொள்வதையும்.

மூன்று பேர் போனோம். நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். செல்வராஜ், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தங்கவேலு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜ் நடத்துகிறவன். படிக்கிற காலத்தில் விடுதியில் ஒரே அறையில் கிடந்தோம். ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு, ஒருவன் வாங்கி வந்த பரோட்டாவை மற்ற இருவரும் தின்றுவிட்டு, வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு, அன்றிலிருந்து இந்தப் பயணம்வரை எங்களுடையது ஒழுங்கான நட்பாக இருந்தது.

போனில் யாரோ ஒரு பெண், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த மோட்டார்ஹோமை மலையில் ஓட்டிப்போகிற வீடியோவைத் தங்கவேலு பார்த்தான். நாமும் போகலாம் மாப்ள என்றான். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், எங்களுக்கு முட்டிவலி இருக்கிறது என்ற வித்தியாசத்தை யாரும் யோசிக்கவில்லை. மனைவிமார்களிடம் அனுமதி வாங்கி, பணம் கட்டி, விசாவும் எடுத்தாயிற்று. அந்த இடைவெளியில்தான் விபரீதம் நடந்தது. செல்வராஜின் மகள் யாழினியும் தங்கவேலுவின் மகன் பிரபுவும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளப்போவதாக வீட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் சந்தோஷம். ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் விமானம் ஆடியில். நண்பர்களாக டிக்கெட் எடுத்த இருவரும் சம்பந்திகளாக ஏறினார்கள்.

யாழினி முனிச் நகரத்தில் மருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பிரபு சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு தன் வேலையை விட முடியாது, பிரபுதான் முனிச்சுக்கு வரவேண்டும் என்பது அவள் முடிவு. "மாமாகிட்ட நீங்களே கேட்டுருங்கப்பா. சரின்னா நிச்சயம் வைங்க. இல்லைன்னா வேணாம். பின்னாடி வந்து அழுதுக்கிட்டு இருக்க என்னால ஆகாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பயணம் முடிகிற நாளில் எங்களை வழியனுப்ப வருவாள். அதற்குள் பதில் தெரிந்திருக்க வேண்டும். செல்வராஜ் என்னிடம் இதைச் சொன்னது விமானத்தில், தங்கவேலு வாயைத் திறந்துகொண்டு தூங்கிய நேரத்தில்.

"இதுல என்ன இருக்கு? எழுப்பிக் கேளு" என்றேன்.

"பொண்ணைப் பெத்தவன் மாப்ள நான். நிபந்தனை போடுற மாதிரி ஆயிராதா?"

விடுதியில் தங்கவேலுவின் தலையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்து எழுப்பிய ஆள் பேசுகிற பேச்சு இது.

ஜெர்மனியில் வாடகை வண்டியை எங்களிடம் ஒப்படைத்த இடத்தில் ஒரு இளைஞன் எல்லாவற்றையும் விளக்கினான். எந்தக் குழாய் எதற்கு, எந்தப் பொத்தானை அழுத்தினால் படி வெளியே வரும், எதை மறந்தால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னான். தங்கவேலு அதைக் காதில் வாங்காமல் லாட்ஜ்காரனாக உள்ளே நுழைந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தான், தலையணை உறையை மோந்தான், குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டினான். "டபுள் ரூமுனு சொல்லி சிங்கிளைக் குடுத்துட்டாய்ங்க" என்று தீர்ப்பளித்தான்.

பின்பக்கம் ஒரு பெரிய கட்டில் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, ஏணி வைத்து ஏற வேண்டிய பரண் ஒன்று. சாப்பாட்டு மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை. விடுதி நாட்களாக இருந்தால் பெரிய கட்டிலுக்கு அடிதடி நடந்திருக்கும். இப்போது செல்வராஜ் தங்கவேலுவின் பெட்டியைத் தானே தூக்கிப்போய் அந்தக் கட்டிலில் வைத்தான். "நீங்க இங்க வசதியா படுங்க சம்பந்தி. நான் மேல ஏறிக்கிடுறேன்." தங்கவேலு ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பான் என்று பார்த்தேன். "சரி சம்பந்தி" என்றான்.

முன் இருக்கையும் அவனுக்கே. நான் ஓட்டினேன், ஏனென்றால் கம்பெனி லோடு வண்டியை ஓட்டிய கை என்னுடையது. செல்வராஜ் பின்னால் உட்கார்ந்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டியபடி, சம்பந்திக்கு ஏசி போதுமா என்று விசாரித்துக்கொண்டு வந்தான். எங்கிருந்தோ கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பெல்ட் போடாததற்குத்தான் கத்துகிறது என்றான் தங்கவேலு. பெல்ட்டைப் போட்டும் கத்தியது. எதிரே வந்த ஜெர்மானியர்கள் எல்லாம் கையைக் காட்டினார்கள். என்ன மரியாதையான ஊர் என்று நாங்களும் பதிலுக்குக் கையாட்டினோம். பெட்ரோல் பங்கில் ஒரு பெண் வந்து, வெளியே நீண்டிருந்த படியை உள்ளே இழுக்கச் சொன்னாள். அதுவரை ஊரெல்லாம் அந்தப் படியை வாளை உருவின மாதிரி நீட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

முதல் சிக்கல் சோற்றில் வந்தது. ஆஸ்திரியாவில் ஒரு ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தினோம். செல்வராஜ் அரிசியைக் களைந்து, பருப்பை வேகவைத்து, வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான். எங்கள் மூவரில் சமைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தங்கவேலுவுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. எழுந்து ஏரிப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மாப்ள, யாரு சமைக்கிறது?"

"செல்வராஜ்தான்."

"நிச்சயம் ஆகலையே. அதுக்குள்ள பொண்ணு வீட்டுல கை நனைக்கலாமானு எங்க வீட்ல கேக்குறாக."

உறுதி ஆகும்வரை பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். காப்பி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். ஆனால் ஆஸ்திரிய ஏரிக்கரையில், ஜெர்மனி நம்பர் போட்ட வாடகை வண்டியில், கேஸ் அடுப்பின் முன்னால் நிற்கிற செல்வராஜ் எந்தக் கணக்கில் பெண் வீடு ஆவான் என்று எனக்குப் புரியவில்லை. இதைவிடப் பெரிய ஆச்சரியம், விஷயத்தைச் சொன்னதும் செல்வராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டதுதான். "ஆமால்ல. நானே யோசிச்சிருக்கணும்" என்றான். முனைவர் பட்டம் வாங்கிய ஆள்.

கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. சாமான் வாங்குவது நான். அடுப்பைப் பற்றவைப்பது நான். கரண்டி என் கையில் இருக்கும். செல்வராஜ் எனக்குப் பின்னால் நின்று, "உப்புப் போடு, போதும், கிண்டு, விட்டுரு" என்று சொல்லிக்கொண்டிருப்பான். சட்டப்படி அது என் சமையல். தங்கவேலு அதை மனச்சாட்சி உறுத்தாமல் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான். முதல் நாள் ரசத்தைக் குடித்துவிட்டு, "நீ இம்புட்டு நல்லா சமைப்பனு தெரியாமப் போச்சே மாப்ள" என்று என்னைப் பாராட்டவும் செய்தான்.

சாப்பிட்டபின் மூவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மலை அப்படியே தலைகீழாக அதில் தெரிந்தது. கேட்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று செல்வராஜுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"சம்பந்தி..."

"சொல்லுங்க சம்பந்தி."

"தண்ணி சுத்தமா இருக்குல்ல."

ஆமாம் என்றான் தங்கவேலு. எங்கள் நாகமலைக்குப் பச்சை பெயின்ட் அடித்து, கீழே வைகையில் தண்ணீரும் விட்டால் இதேதான் என்றும் சொன்னான். அத்தோடு அந்த ஏரி முடிந்தது.

மறுநாள் காலையில் வண்டித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் வரும் என்று அந்த இளைஞன் சொல்லியிருந்த தண்ணீரை மதுரைக்காரர்கள் மூன்று பேர் ஒரே குளியலில் காலி செய்துவிட்டோம். அதில் பெரும்பங்கு தங்கவேலுவுடையது. ஷவரில் குளித்தால் குளித்த மாதிரியே இல்லை என்று சொல்லி, பாத்திரம் ஒன்றில் பிடித்துப் பிடித்து ஊற்றியிருக்கிறான். நிரப்பப் போனது செல்வராஜ். வண்டியின் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். நிறைந்ததும் இழுத்துக்கொண்டு போய்க் கொட்டி, நீலநிற மருந்தை ஊற்றி மறுபடி மாட்ட வேண்டும். முறைவைத்துச் செய்யலாம் என்றேன். வேதியியல் என் துறைதானே என்று சிரித்துக்கொண்டே அதையும் செல்வராஜ் இழுத்துக்கொண்டு போனான். சிரிக்கும்படி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்து ஒரு கணவாய். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கொடைக்கானல் சாலையைப் பார்த்தவன் என்ற தெம்பில் ஏறினேன். கொடைக்கானலில் வளைவுக்கு ஹாரன் அடிப்பார்கள், முன்னால் போகிற பஸ் டிரைவர் கையைக் காட்டி வழிவிடுவார். இங்கே ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. எண்பது வயதுக் கிழவர்கள் சைக்கிளில் முந்திக்கொண்டு போகிறார்கள். ஐந்தாறு வளைவு தாண்டியதும் பின்னால் சமையலறை இழுப்பறை திறந்துகொண்டு, இட்லிப்பொடி டப்பா பறந்து வந்து செல்வராஜின் தலையில் கவிழ்ந்தது. கண்ணெல்லாம் மிளகாய். தண்ணீரைத் தேடிக்கொண்டே அவன் கேட்டது, "சம்பந்தி மேல எதுவும் விழுகலயே?"

உச்சியில் ஒரு சின்ன ஓட்டல். பனி கிடந்தது. ஆடி மாசத்தில் பனியைக் கையில் அள்ளியதும் தங்கவேலு குழந்தையாகிவிட்டான். உருண்டை பிடித்து என் முதுகில் அடித்தான். அடுத்த உருண்டையைச் செல்வராஜுக்குக் குறிபார்த்து, கையை ஓங்கி, பிறகு என்ன நினைத்தானோ, கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான். சம்பந்தியைப் பனியால் அடிக்கலாமா என்று அவன் வீட்டில் போன் போட்டுக் கேட்கத் தோது இல்லை போலிருக்கிறது.

அந்த ஓட்டலில் ரொட்டியை உருட்டி வேகவைத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்க மறந்துபோன மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். வேறொருவர் சமைத்த சாப்பாடு என்பதால் மூவரும் ஒரே மேசையில், யாரும் யாருக்கும் பெண் வீடாக இல்லாமல் சாப்பிட்டோம். இப்போது கேள் என்று செல்வராஜின் காலை மிதித்தேன். "ஆடி மாசம் மாப்ள. நல்ல பேச்சு எடுக்கக்கூடாது" என்று என் காதில் சொன்னான். வடக்கே ஜெர்மனி, தெற்கே இத்தாலி, காலுக்கடியில் பனி. அங்கேயும் எங்கள் பஞ்சாங்கம் செல்லுபடியாகிறது.

சுவிட்சர்லாந்தில் முகாமில் பக்கத்து இடத்தில் ஹாலந்து நாட்டுத் தம்பதி இருந்தார்கள். எழுபது வயதிருக்கும். கணவர் பாத்திரம் கழுவுவார், அந்த அம்மா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்குவார். இரண்டு நாள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு சாயந்திரம் அந்த அம்மா ஒரு பாட்டிலோடு வந்தார். மேசையில் இரண்டு கிண்ணம்தான் வைத்தார். செல்வராஜ் அப்போது குழாயடியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உங்கள் பணியாளருக்கும் ஒரு கிண்ணம் வைக்கலாமா? உங்கள் வழக்கம் எப்படியோ என்றுதான் கேட்கிறேன்" என்றார்.

என்னிடம்தான் கேட்டார். தங்கவேலுவுக்கும் புரிந்துவிட்டது. லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகியவன். நான் அவசரமாக, அவர் பேராசிரியர், எங்கள் நண்பர், அவர் மகளை இவர் மகன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று விளக்கினேன். அந்த அம்மா குழாயடியைத் திரும்பிப் பார்த்தார். "அவருடைய மகள் இவர்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். அப்படியானால் தட்டு கழுவ வேண்டியவர் இவர் அல்லவா?" என்று தங்கவேலுவைக் காட்டினார். கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் கலாசாரத்தின் ஆழம் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நான் சொல்ல நினைத்தேன். எனக்கே புரியாததால் சொல்லவில்லை.

தங்கவேலு எழுந்து போய் செல்வராஜின் கையிலிருந்து தட்டை வாங்குவான் என்று எதிர்பார்த்தேன். எழுந்தான். போனான். "விடுங்க சம்பந்தி, நாளைக்குக் கழுவிக்கிடலாம்" என்றான். நாளைக்கு யார் கழுவுவது என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் இத்தாலிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டிக்கொண்டோம். வழிகாட்டிக் கருவி குறுக்குவழி என்று சொன்ன தெரு போகப்போகக் குறுகி, கடைசியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எங்கள் வண்டி கச்சிதமாகச் செருகிக்கொண்டது. செங்குத்தான ஏற்றம். ஒரு பக்கக் கண்ணாடி ஒரு வீட்டுப் பூந்தொட்டியோடு பேசிக்கொண்டிருந்தது. பனியன் போட்ட கிழவர் ஒருவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, பின்னால் எடு என்று கையால் சொன்னார். மதுரையில் என்றால் இந்நேரம் பத்துப் பேர் கூடி, ஆளுக்கொரு திசையில் வரலாம் வரலாம் என்று கத்தியிருப்பார்கள். மோதியபிறகு எல்லாரும் கலைந்திருப்பார்கள். இங்கே அந்த ஒரு கிழவர்தான். அவரும் நடுவில் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பிரேக்கை விட்டதும் வண்டி நான் நினைத்ததைவிட வேகமாகப் பின்னால் உருண்டது. பின்னால் ஒரு கல் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றாள். சக்கரத்துக்குக் கல் கொடுக்கச் சொல்லி முன்னமே இருவரையும் இறக்கிவிட்டிருந்தேன். தங்கவேலு கையில் கல்லை வைத்துக்கொண்டு, அதை எந்தச் சக்கரத்துக்குக் கொடுப்பது என்று நின்றுகொண்டிருந்தான்.

"டேய் தங்கவேலு, மசமசனு நிக்காம கல்லை வைடா, எருமை" என்று செல்வராஜின் குரல் கேட்டது.

கல் விழுந்தது. வண்டி நின்றது. அந்தப் பெண் ஒன்றும் நடக்காத மாதிரி குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பக்கக் கண்ணாடியில் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தேன். தங்கவேலு சிரித்துக்கொண்டிருந்தான். விமானம் ஏறியதிலிருந்து அப்படியொரு சிரிப்பை அவன் முகத்தில் நான் பார்க்கவில்லை. செல்வராஜ் கையைக் கூப்பி என்னவோ சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஏறி உட்கார்ந்த பிறகும் செல்வராஜ் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க சம்பந்தி. அவசரத்துல வாய் தவறிருச்சு."

"பரவால்ல சம்பந்தி" என்று தங்கவேலு முன்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கடைசி முகாமில், செல்வராஜ் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தங்கவேலு ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"ஏன் மாப்ள, அவன் இன்னும் கேக்கமாட்டேங்கிறான்?"

"எதை?"

"அதான், பிரபு இங்க வரணும்னு. பயல் எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டான். போடா, போயி நல்லா இருங்கன்னு நானும் சொல்லிட்டேன். எங்க வீட்லயும் சரின்னுட்டாக."

"அப்ப அவன் தினமும் செத்துப் பிழைக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தான் வாரியா?" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரன் கேக்கணும்ல மாப்ள. கேக்காம நானே போயி எம்மகன் அங்க வாரான்னு சொன்னா, பயலுக்கு என்ன மதிப்பு? என் தங்கச்சி கல்யாணத்துல எங்கப்பா எப்படி நின்னாருன்னு உனக்குத் தெரியும்ல. சம்பந்தி வீட்டு வாசல்ல, வெயில்ல, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. நான் என்ன செல்வராஜை அப்படியா நிக்க வைக்கேன்? ஏசி வண்டியில கூட்டிட்டு வாரேன்."

சொல்லிவிட்டு ஆப்பிளை முழுசாகத் தின்று முடித்தான். தங்கவேலு கெட்டவன் இல்லை. செல்வராஜின் அப்பா இறந்தபோது பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவன் அவன். அவன் அப்பா வெயிலில் நின்றதை என் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு விடுதிக்கு வந்து சுவரைக் குத்திக் கையை வீங்க வைத்துக்கொண்டதும் இவன்தான். அந்தக் கையாலேயே இன்றைக்கு ஆப்பிள் தின்கிறான். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம் போலிருந்தது. கழிப்பறைப் பெட்டியை யார் கொட்டுவது என்பதால் போகவில்லை.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்க நானும் செல்வராஜும் நடந்து போனோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் குதிப்பான் என்று நினைத்தேன். நிம்மதிப் பெருமூச்சு விடுவான் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. வழியோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எதிரே ஒரு சிகரம், பாதிக்கு மேல் வெயில் விழுந்து மஞ்சளாக நின்றது. மாட்டுக் கழுத்து மணிச்சத்தம் எங்கேயோ கேட்டது.

"இது எந்த மலை மாப்ள?" என்றான்.

பெயர் சொன்னேன். மூன்று நாளாக அதன் அடியில்தான் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"இம்புட்டு மலையில ஒன்னைக்கூட நான் பாக்கல. எப்படிக் கேக்குறது, எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறதுன்னே மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தேன். ராத்திரி பரண்ல படுத்தா அதான். பாத்திரம் கழுவுனா அதான்." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் முன்னாடி சீட்ல உக்காந்து எல்லா மலையையும் பாத்துருக்கான்."

காலை வியாபாரத்தை முடித்து ரொட்டிக் கடையைப் பூட்டுகிற வரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம். எனக்கு அவசரம் இல்லை.

அன்று வண்டி கிளம்பும்போது முன் இருக்கையில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தான். தங்கவேலு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னால் ஏறினான். வழியெல்லாம் செல்வராஜ் கண்ணாடியை இறக்கிவிட்டு மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். சம்பந்திக்குக் குளிருகிறதா என்று கேட்கவில்லை. குளிர்ந்தது. தங்கவேலு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

முனிச்சுக்கு முன்னால் கடைசியாக ஒரு சாலையோர நிறுத்தத்தில் சாப்பிட நிறுத்தினோம். மரப்பெஞ்சும் மரமேசையும் இருந்தன. எதிரே மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. மிச்சமிருந்த புளிச்சோற்றைப் பிரித்து வைத்தேன். சாயந்திரம் யாழினி வந்துவிடுவாள். தங்கவேலு செல்வராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கப்போகிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தாராளமாக அனுமதி கொடுக்கிற முகத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தான்.

"தங்கவேலு" என்றான் செல்வராஜ். சம்பந்தி இல்லை.

"சொல்லுங்க சம்பந்தி."

"உம் மகனுக்குச் சமைக்கத் தெரியுமா?"

தங்கவேலு என்னைப் பார்த்தான். நான் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"என்ன கேக்குறீங்க?"

"எம் மக காலையில வெள்ளனமா வேலைக்குப் போயிருவா. வர இருட்டிரும். பையன் இங்க வந்தா வேலை அமையிற வரைக்கும் வீட்டுலதான இருக்கணும். சோறு வடிப்பானா?"

"காப்பி போடுவான்" என்றான் தங்கவேலு. குரல் இறங்கியிருந்தது.

"குழம்பு?"

"பழகல."

"துணி துவைக்க?"

"மெஷின்தான, அது பாட்டுக்கு..."

"போட்டு எடுத்துக் காயவைக்கத் தெரியுமா? பாத்ரூம் கழுவுவானா?"

"லாட்ஜுல ஆள் வச்சிருக்கோம்ல" என்று தங்கவேலு ஆரம்பித்து, அது பதிலில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான்.

"ஜெர்மன் பாஷை?"

தங்கவேலு போனை எடுத்தான். மகனைக் கூப்பிட்டான். எழுந்து, மேசையைச் சுற்றி நடந்துகொண்டே பேசினான். "ஏன்டா, உனக்குச் சோறு வடிக்கத் தெரியுமா? குக்கர் இல்லாமடா... சிரிக்காத. விளையாட்டு இல்ல. மாமா கேக்குறாரு. மாமா கேட்டா பதில் சொல்லு. பாத்ரூம் கழுவுவியா? நான் எங்க கழுவுனேன்கிறது இப்ப பேச்சில்ல... வையி, வையி."

வந்து உட்கார்ந்தான். நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"கத்துக்கிடுறேங்கிறான்" என்றான். "பாஷைக்கு கிளாஸ் சேந்துட்டானாம். சமையலுக்கு இந்த வாரமே ஊருக்கு வந்து அவுக அம்மாகிட்ட உக்காந்துருவானாம். பயல் சொன்னாச் செய்வான். நீங்க சின்னப்பிள்ளையிலேருந்து பாத்த பயல்தான."

செல்வராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்தான். தங்கவேலு சாப்பிடவில்லை. பெஞ்சின் நுனிக்கு வந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன சொல்றீக?" என்றான் கடைசியில்.

செல்வராஜ் தண்ணீர் குடித்தான். கையைத் துடைத்துக்கொண்டான். எதிரே நின்ற மலைகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்துவிட்டு,

"ஊருக்குப் போயி, வீட்ல கலந்துக்கிட்டுத் தகவல் சொல்றோம்" என்றான்.